அறுபது கிராம் போளி

இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். இத்தனை வருஷத்தில் கரும்பலகையில் எத்தனை பல்புகளை எரித்துத் தீர்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. "ஒரு கம்பெனி தன்னுடைய பல்பு சராசரியாக ஆயிரம் மணி நேரம் எரியும் என்று சொல்கிறது. முப்பது பல்புகளை எடுத்துச் சோதித்தபோது..." என்று ஆரம்பித்தாலே பின் வரிசையில் தலைகள் மேஜையில் சாய ஆரம்பிக்கும். நான் சாக்பீஸை எறிவேன். குறி தவறும். வகுப்பே சிரிக்கும், நானும் சிரித்துவிட்டு, அடுத்த பல்புக்குப் போவேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பல்புகளில் ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. புத்தகத்தில் இருக்கிறது, சொல்லிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். வாழ்க்கையில் ஒரு பொருளின் சராசரியை நிஜமாகவே சோதித்துப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அது பல்பு இல்லை, போளி.

திருவனந்தபுரத்தில் கல்யாணச் சாப்பாட்டு இலையில் போளி விழாவிட்டால் சம்பந்தி வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். மஞ்சளாக, மெல்லிசாக, உள்ளே கடலைப்பருப்புப் பூரணம் வைத்தது. அதை இலையில் போட்டு, மேலே பால்பாயசம் விட்டு, கையால் நன்றாகப் பிசைந்து சாப்பிட வேண்டும். ஸ்பூனால் சாப்பிடுகிறவர்களை நான் மனுஷக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஸ்ரீவராகத்தில் பிறந்து வலியசாலைக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். ஆட்டோவில் பத்து நிமிஷ தூரம். அதற்கே என் அம்மா அன்று அழுத அழுகையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். வந்த வீட்டில் என் நாத்தனார், கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பின்கட்டில் போளி போட்டுக்கொண்டிருந்தாள். இப்போதும் போடுகிறாள். வலியசாலையில் போளி என்று கேட்டால் எங்கள் வாசலைத்தான் கை காட்டுவார்கள். என்னை அந்தச் சமையலறைக்குள் அவள் விட்டதே இல்லை. "மன்னி, நீங்க பாடம் எடுங்கோ, அது மதி, அது போரும்" என்பாள். நானும் சந்தோஷமாகப் பாடம் எடுக்கப் போய்விடுவேன். மாவு பிசைகிற கை எனக்கு வாய்க்கவில்லை, போளி தின்கிற வாய் மட்டும் தாராளமாக வாய்த்திருக்கிறது.

நாத்தனாருக்குத் துணையாக ஒரு பெண் வேலைக்கு வந்து அப்போது நாலு மாசம் ஆகியிருந்தது. நாகர்கோவில் பக்கம் ஊர். மகளுக்கு இங்கே நர்சிங் படிக்க இடம் கிடைத்ததும், அவளைத் தனியாக விட மனசில்லாமல், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தாயும் மகளுமாகக் குடிவந்திருந்தார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். நாத்தனார் ஒரு கல், அவள் ஒரு கல். எதிரும் புதிருமாக நின்று இரண்டு பேரும் தேய்த்துச் சுட்டு அடுக்குகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். நான் காபி டம்ளரோடு வாசற்படியில் நின்று பார்ப்பேன், உள்ளே கால் வைக்காமல்.

ஆவணி முகூர்த்தங்கள் ஆரம்பித்த சமயம் அது. ஒரு வெள்ளிக்கிழமை கல்யாண காண்டிராக்டர் போன் செய்தார். எங்கள் போளியில் பாதிக்கு மேல் போவது அவர் பந்திகளுக்குத்தான். புதிதாக ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கியிருந்தாராம். சும்மா ஆசைக்கு எங்கள் போளியில் நாலை எடுத்து அதில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றுகூட அறுபது கிராம் இல்லை. அறுபது கிராம் போளி என்றுதானே காலம் காலமாகப் பேச்சு? போனிலேயே குதித்துவிட்டார்.

போனை வைத்த நாத்தனாரின் முகம் சிவந்திருந்தது. நேராக என்னிடம் வந்தாள்.

"அம்பத்தாறு, அம்பத்தெட்டு, அம்பத்தேழு, பின்னையும் அம்பத்தாறு. கேட்டேளா மன்னி? என் போளியைப் பாத்து சிறுத்துப் போச்சுன்னு சொல்றார். இத்தனை வருஷத்தில ஒருத்தர் வாயிலேந்து இப்படி வந்ததில்லையாக்கும்."

"அதுக்கு என்ன பண்ணப் போறே?"

"என்ன பண்றது? புதுசா வந்த கை ஒண்ணுதானே? அவதான் உருண்டையைச் சின்னதாப் பிடிக்கிறா. திங்கட்கிழமையிலேந்து வரவேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பெண் கேட்டுவிட்டாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே நிலைப்படிக்கு வந்து நின்றாள்.

"மாமி, நான் உருண்டை அறுபதுதான் பிடிச்சேன். கொறச்சு எடுக்கல்ல. சத்தியமா எடுக்கல்ல."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. அவள் நல்லவள் என்பதால் மட்டும் இல்லை. நாலே நாலு போளியை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான போளிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார்களே என்று. இருபத்திரண்டு வருஷம் இதைத்தானே கூடாது, கூடாது என்று தொண்டை வற்றக் கத்துகிறேன்! என் சொந்த வீட்டுக்குள்ளேயே நடக்கிறது!

"நாலு போளியை நிறுத்துப் பாத்து ஒருத்தி பிழைப்பில மண்ணைப் போடுவியா நீ?" என்று கத்தினேன். "நாளைக்குக் காலம்பர நான் சோதிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் யாரையும் எங்கேயும் அனுப்பக் கூடாது."

"மன்னி, இது கிளாஸ் ரூம் இல்லையாக்கும்."

"நாளைக்கு ஒரு நாள் கிளாஸ் ரூம்தான்."

அன்று மத்தியானமே கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தராசு வாங்கி வந்தேன். கிராமில் நூறில் ஒரு பங்குகூடக் காட்டும். மூச்சு விட்டால் எண் மாறும் அதில். சனிக்கிழமை விடிந்ததும் சமையலறைக்குள் கால் வைத்தேன். நாத்தனார் தடுக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் ஒரு காகிதத்தில் எழுதினேன், இரண்டு பேருக்கும் சொல்லிக்கொண்டே. "இவ மேல தப்பில்லைன்னு வெச்சுக்கறோம். இவ போடற போளியோட சராசரி அறுபதுதான்னு எடுத்துக்கறோம். அது நிஜமானா, முப்பது போளியை நிறுத்தா சராசரி அறுபதுக்குப் பக்கத்திலதான் நிக்கணும். கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும், அது தற்செயல். ரொம்பக் கீழே இறங்கிடுத்துன்னா, தற்செயல்னு சொல்ல முடியாது. எவ்வளவு இறங்கினா ஒத்துக்கணும்ங்கறதை இப்பவே எழுதி வெச்சுடறேன்."

எல்லையை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். நாத்தனார் அதை வாங்கிக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்தாள். பின்னால் பேச்சு மாறக் கூடாது என்று எனக்குச் சொல்லாமல் சொன்னாள்.

அந்தப் பெண் அன்று முந்நூறு போளி போட்டாள். ஒவ்வொன்றுக்கும் வரிசையில் எண். கால்குலேட்டரில் எந்த எண் வருகிறதோ அந்தப் போளியைத்தான் எடுப்பேன். மேலே இருப்பது, அழகாக இருப்பது என்று கை போகவே கூடாது. ஒரு தட்டில் முப்பதையும் வரிசையாக அடுக்கிவிட்டு, பேனா எடுக்கத் திரும்பினேன். திரும்பி வந்தால் இருபத்தெட்டுதான் இருக்கிறது. பக்கத்தில் என் வீட்டுக்காரர், வாயைத் துடைத்துக்கொண்டு.

"பதினேழும் நூத்திநாலும் எங்கே?" என்றேன்.

"ரெண்டும் நன்னாவே இருந்தது. எழுதிக்கோ" என்றார்.

அவரைக் கூடத்துக்குத் துரத்திவிட்டு வேறு இரண்டு எண் எடுத்தேன். அந்தப் பெண்கூட வாயைப் பொத்திச் சிரித்தாள். எடை போட்டு முடிகிறவரை அவள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

எடை போட ஆரம்பித்தேன். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. ஐம்பத்தேழரை. அறுபது தாண்டியவை மூன்றோ நாலோதான். பத்தாவது போளிக்கே விடை தெரிந்துவிட்டது. ஆனாலும் முப்பதையும் முடித்தேன். சராசரி ஐம்பத்தேழு புள்ளி மூன்று. அறுபதிலிருந்து இறங்கியதைத் தற்செயல் ஏற்ற இறக்கத்தால் வகுத்தால் மைனஸ் ஏழு வருகிறது. காலண்டரில் நான் எழுதித் தொங்கவிட்ட எல்லை மைனஸ் ஒன்று புள்ளி ஏழு. பக்கத்தில்கூட வரவில்லை. வகுப்பில் இப்படி ஒரு விடை வந்தால் சந்தோஷமாக, "ஆகவே கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போடுவேன். அன்று பேனாவை மூடி வைத்தேன்.

 நாத்தனார் காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

நான் அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஏதோ முணுமுணுத்தேன். அவள் சண்டை போடுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"டீச்சரம்மா கணக்கு பொய் சொல்லுமா? எனக்க கைதான் எனக்குத் தெரியாம கொறச்சு எடுத்திருக்கு போல. மாமி, கல்லைக் கழுவி வச்சிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டுச் சுரண்டியை எடுத்துக் கல்லைத் தேய்க்க ஆரம்பித்தாள். இனிமேல் வரப்போவதில்லை என்று தெரிந்தும், விளிம்பில் ஒட்டியிருந்த கரியைக்கூட விடாமல் தேய்த்தாள். எனக்குத் தாங்கவில்லை. நான் அழ வேண்டிய இடத்திலெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும், பிறவிக்குணம். அந்தக் கோபம் கிடைத்த ஆள் மேல் பாய்ந்தது.

"நீ உன்னோடதை எடு!" என்றேன் நாத்தனாரிடம்.

"என்னோடதா? என்னத்துக்கு?"

"இவ போளியை நிறுத்தாச்சு. உன்னோடதை யார் நிறுத்தா? எடு தட்டை!"

அது ஒன்றும் முறையான சிந்தனை இல்லை, வெறும் ஆத்திரம். பிற்பாடு மாணவர்களிடம் "ஒப்பீட்டுக்காக" என்று கௌரவமாகச் சொல்லிக்கொண்டேன். நாத்தனார் வீம்பாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் தட்டை நகர்த்தினாள். "முப்பது என்ன, முந்நூறும் நிறுத்துக்கோங்கோ. ஒரு கிராம் குறைஞ்சா நான் இந்தக் கல்லையே தொடல்லை."

மறுபடி எண்கள், மறுபடி முப்பது போளி. ஐம்பத்தேழு. ஐம்பத்தாறு. ஐம்பத்தைந்தரை. அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் சுட்டது. சராசரி வந்தது. ஐம்பத்தாறு புள்ளி ஒன்பது.

அவளுடையது, வேலைக்காரப் பெண்ணுடையதைவிட இளைத்திருந்தது!

"மிஷின் கேடாக்கும்" என்றாள் உடனே.

"கெமிஸ்ட்ரிக்காரா தராசு அது. கேடு உன் கையில."

"என் கையிலயா?" அவளுக்கும் வெறி வந்துவிட்டது. ஓடிப்போய் மூலையிலிருந்து பழைய தட்டுத் தராசைத் தூக்கி வந்து 'டங்' கென்று மேடையில் வைத்தாள். ஒரு தட்டில் ஐம்பது கிராம் கல்லும் பத்து கிராம் கல்லும். மறு தட்டில், பூரணம் வைத்துப் பிடித்து வைத்திருந்த உருண்டைகளிலிருந்து ஒன்று. முள் ஆடி ஆடி நடுவில் நின்றது. "பாருங்கோ! கண்ணைத் திறந்து பாருங்கோ! அறுபது! ஆரு வேலைக்கு வந்தாலும் இப்படித்தான் நிறுத்துக் காமிச்சு, கை பழக்கி விடறேன். இதான் அறுபது!"

நான் அந்த உருண்டையை எடுத்து எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். அறுபது புள்ளி ஒன்று. பழையதும் சரி, புதியதும் சரி. நான் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முந்தின நாள் நிலைப்படியில் நின்று அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. உருண்டை அறுபதுதான் பிடிச்சேன் என்றாள். போளி அறுபது என்று அவள் சொல்லவே இல்லை.

"இதைச் சுடு" என்றேன் அவளிடம்.

"கல்லைக் கழுவிட்டேனே டீச்சரே."

"மறுபடியும் பத்த வை. இந்த ஒண்ணை மட்டும் சுடு."

அவள் பற்ற வைத்தாள். அந்த உருண்டையை வைத்துத் தேய்த்தாள், கல்லில் போட்டாள், திருப்பினாள், நெய் தடவினாள். மூன்று பேரும் கல்லைச் சுற்றி நின்றோம். போளி லேசாக உப்பியது. அதிலிருந்து ஆவி எழுந்து ஜன்னல் பக்கம் போயிற்று. தினமும் நடப்பதுதான். இருபத்திரண்டு வருஷம் நான் வாசற்படியில் நின்று பார்த்த ஆவிதான். எடுத்துத் தராசில் வைத்தாள்.

ஐம்பத்தேழு புள்ளி நாலு.

 நாத்தனார் தராசையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டு, "அய்யோ ஈஸ்வரா, தண்ணி போறதே!" என்றாள்.

சுட்ட போளியை இந்த வீட்டில் ஒருத்தருமே எடை போட்டதில்லை. உருண்டையோடு எங்கள் தராசின் வேலை முடிந்துவிடும். அறுபது கிராம் என்று வாய் நிறைய வாக்குக் கொடுத்தது நாத்தனார், உருண்டையை மனசில் வைத்துக்கொண்டு. காண்டிராக்டரும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார், இத்தனை காலமும். அடுப்பில் சூடேறினால் நீர் வற்றும் என்று உலகத்துக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததில் ஆச்சரியமே இல்லை, நான் பல்பு எரிக்கிறவள்! எதனுடைய சராசரி என்று முதலில் கேள் என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லிவிட்டு, என் முறை வந்தபோது கேட்கவே மறந்துவிட்டேன்.

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். கையை எடுத்தபோது முகமெல்லாம் மாவு, கண்ணெல்லாம் நீர். நாத்தனார் அவளைப் பிடித்து இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுடுடீ. நான் ஒரு மண்டு" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை என்று கூடத்திலிருந்து சாட்சி சொன்னார் என் வீட்டுக்காரர், கையில் இன்னொரு போளியோடு.

ஞாயிற்றுக்கிழமை காண்டிராக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் எதிரிலேயே உருண்டையை நிறுத்து, சுட்டு, மறுபடி நிறுத்துக் காட்டினோம். மனுஷர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்போ இத்தனை கொல்லமா, இத்தனை வருஷமா, நான் அம்பத்தேழைத்தான் அறுபதுன்னு பந்தியில விளம்பிட்டிருக்கேனா?"

"ஆமா" என்றேன். "யாராவது சிறுசுன்னு சொன்னாளா?"

"ஆரும் சொல்லல்லை டீச்சரே. அந்த மிஷின்தான் சொல்லிச்சு." பக்கென்று சிரித்துவிட்டார். "சாரமில்லை, போகட்டும். இனிமே அதில வெங்காயம் நிறுத்துக்கறேன். நாளைக்கு எண்ணூறு போளி வேணும், மாமி."

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். இரண்டு கல்லும் சூடேறின. அன்று வகுப்பில் பல்புகளை அணைத்துவிட்டு, கரும்பலகையில் போளி சுட்டேன். பின் வரிசையில் ஒரு தலைகூடச் சாயவில்லை. கடைசியில் ஒரு பையன் எழுந்து, அடுத்த சோதனைக்கு மாதிரிப் போளி எடுக்கத் தன்னையும் கூட்டிப் போவேனா என்று கேட்டான். சாக்பீஸை எறிந்தேன். இந்தத் தடவை குறி தவறவில்லை.

ஓண விடுமுறையில் ஒரு காலை. நான் வாசற்படியில் காபியோடு நின்றிருந்தேன். நாத்தனார் சாமான் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அந்தப் பெண் கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"டீச்சரம்மா, ஒண்ணு சொல்லட்டா? அன்னைக்கு நீங்க கணக்குப் போட்டுச் சொன்னீங்கல்லா, அப்ப நானே நம்பிட்டேன். எனக்க கை களவெடுக்குன்னு. ரெண்டு கையையும் பாத்தேன் பாத்துக்கிடுங்க. எம்மவ கிட்ட என்ன சொல்லுவேன்னு நெனச்சேன்."

காபி டம்ளரைப் படியில் வைத்தேன். சண்டை போட்டு அவளைக் காப்பாற்றியவள் என்று ஒரு மாசமாக உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்டிருந்தேன். அவள் கையை அவளே சந்தேகப்பட வைத்தவளும் நான்தான். "மன்னிச்சுக்கோம்மா" என்றேன். 

"அட, அதுக்குச் சொல்லல்ல. பொறவு நீங்கதான கல்லைப் பத்த வைக்கச் சொன்னீங்க." அவள் பாத்திரத்திலிருந்து மாவை அள்ளினாள். ஒரு உருண்டைக்கு இல்லை, இரண்டு உருண்டைக்கு எடுத்தாள். அதே அளவுக்குப் பூரணமும் வைத்தாள். கல் முழுக்க விரிகிற மாதிரி தேய்த்து, நெய்யைத் தாராளமாக ஊற்றிச் சுட்டு, தட்டில் போட்டு என்னிடம் நீட்டினாள். தட்டுக்கு வெளியே தொங்கியது.

"இதை சராசரியில சேக்காதீங்க டீச்சரே" என்றாள். "இது ஒங்களுக்கு."

அதை நான் எடை போடவில்லை. முந்தின நாள் பால்பாயசம் ஒரு கிண்ணம் மிச்சம் இருந்தது. அதை மேலே விட்டு, கையால் நன்றாகப் பிசைந்து, வாசற்படியைத் தாண்டி உள்ளே போய் அவள் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுசையும் தின்றேன். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.